பன்னிரண்டு மணிக்குப் பொன்னுருக்கு

வடைக்கு உப்புப் போட்டேனா, இல்லையா? காலை பதினொன்று இருபதுக்குத் தவமலருக்கு இருந்திருக்க வேண்டிய கவலை இது ஒன்றுதான். சுவாமிக்குப் படைக்கிற வடை, மாவை நாக்கில் வைத்துப் பார்க்கவும் முடியாது. போட்ட மாதிரியும் இருக்கிறது, போடாத மாதிரியும் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் துரூஸ் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். வாசம் மூக்கைத் துளைக்கிறது என்றாள். எத்தனை கார், பெரிய விசேஷம் போல என்றாள். பிறகு போகிற போக்கில், "இன்றைக்கு மாதத்தின் முதல் திங்கள், தெரியும்தானே? விருந்தாளிகளுக்குச் சொல்லிவை, பயந்துவிடப் போகிறார்கள்" என்று டச்சில் சொல்லிவிட்டுத் தன் நாயோடு உள்ளே போய்விட்டாள். உப்பு நினைவிலிருந்து அப்படியே கரைந்து போயிற்று. முதல் திங்கள். ஐயோ கடவுளே, முதல் திங்கள். ஒல்லாந்து முழுக்க, மூலை முடுக்கெல்லாம், மாதத்தின் முதல் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சைரன் ஊதிப் பார்ப்பார்கள். ஆபத்து வந்தால் ஊத வேண்டியது ஒழுங்காக ஊதுகிறதா என்று ஒன்றரை நிமிடச் சோதனை. இந்தத் தெருவுக்குரியது தெரு முனையில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால், ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. மாதாந்தச் சோதனை தொடங்கியதிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அவள் கேட்டுவருகிற சத்தம். இன்றைக்கு அதே பன்னிரண்டு மணிக்குத்தான் அவளுடைய ஒரே மகன் நிரோஜனுக்குப் பொன்னுருக்கு. தாலிக்கென்று வாங்கி வைத்த பொன் நாணயத்தைப் பொற்கொல்லரான பத்தர் சபை நடுவே நெருப்பில் உருக்க, பெண் வீட்டார் கண்ணால் பார்த்து ஆசீர்வதிக்கிற நேரம். பொன் உருகிவிட்டால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. அந்த நேரம் ஒரு தும்மல்கூடக் கேட்கக் கூடாது என்பார்கள். தும்மலே கூடாதென்றால் சைரன்?

நேரம் குறித்துத் தந்தவர் ஜெர்மனியில் இருக்கிற ஐயர். பாவம், அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். ஒல்லாந்துக்காரனின் கலண்டரைப் பார்க்க வேண்டுமென்று அவருக்கு என்ன தலைவிதி. திங்கட்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எமகண்டம், அது கழிந்த கையோடு பன்னிரண்டு பதினாலு வரை நல்ல நேரம், அதை விட்டால் தை மாதம்தான் என்று ரெலிபோனில் சொன்னார். அதைக் கேட்டு எழுதி எடுத்தவர் அவளுடைய கணவர் பரமலிங்கம். அவராவது யோசித்திருக்கலாம். மனிதர் யோசிக்காமலும் இல்லை, அதுதான் கொடுமை. பத்தரின் நெருப்புக்கு அலறி அபசகுனம் ஆகிவிடக் கூடாதென்று வீட்டிலிருந்த மூன்று புகைமணிகளையும் நேற்றே ஏணி வைத்துக் கழற்றி, பட்டரிகளை உருவி, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். சின்னன் மூன்றின் வாயைக் கட்டியாயிற்று. தெரு முனையில் நிற்கிற பெரியதை மறந்தாயிற்று. தவமலருக்குச் சிரிப்பு வந்தது. முதல் வடையை எண்ணெயில் போட்டாள். அது உர்ரென்று சத்தமிட்டுக்கொண்டு அடியில் போய், பிறகு மனம் மாறி மேலே வந்தது. சொல்லிவிடலாம்தானே. கூடத்துக்குப் போய், "சம்பந்தி, பன்னிரண்டு மணிக்கு ஒரு சத்தம் கேக்கும், பயப்பிடாதேங்கோ" என்றால் முடிந்தது. ஆனால் முடியாதே. என்ன சத்தம் என்பார்கள். சைரன் என்பாள். ஏன் சைரன்? ஆபத்துக்கு. என்ன ஆபத்து? வெள்ளம், நெருப்பு, இரசாயனம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம், ஆனால் பெண்ணின் தகப்பன் சிவக்கொழுந்தர் லேசில் விடுகிற ஆள் இல்லை. இந்தச் சின்ன ஊரில் அப்படி என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்பார். அங்கேதான் அவள் மாட்டுவாள். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அவள் ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறாள்.

அது சம்பந்தம் பேசத் தொடங்கிய வாரம். சிவக்கொழுந்தர் பாரிசிலிருந்து ரெலிபோன் எடுத்தார். சாதகம் பொருந்தியது, படிப்புப் பொருந்தியது, பிள்ளைகள் இரண்டும் பேசிப் பார்த்து ஓம் என்றுவிட்டார்கள். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். "எங்கட ஆரபி நாலு வயசில ஏடு தொடக்கினதே குண்டுக்குப் பயந்து வெட்டின பங்கருக்குள்ளதான், சம்பந்தி. குப்பி விளக்கில ‘அ’ எழுதினவள். இனி அவள் சத்தமில்லாத இடத்தில சீவிக்க வேணும். அதுதான் என்ர ஆசை. உங்கட ஊரில என்ன இருக்கு?" மாடு இருக்கிறது, சோளம் இருக்கிறது, ஒரு தேவாலயம் இருக்கிறது என்று தவமலர் வரிசையாகச் சொன்னாள். ஊர்ப்பக்கம் விமானத்தளம் என்று ஏதோ வரைபடத்தில் பார்த்தேனே, பயணிகள் விமானமோ என்று அவர் கேட்டார். அவள் "ம்" என்றாள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்கிறார்கள். அவள் சொன்னது ஒரேயொரு ‘ம்’. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இன்னும் மிச்சம் இருக்கிறது. அதோடு அது பொய்யும் இல்லை, இந்த நாட்டு அரசாங்கம் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். அந்த விமானத்தளத்தின் தரைக்கு அடியில் அமெரிக்காவின் அணுகுண்டுகள் இருக்கின்றன என்று ஊரில் தபால்காரனுக்குத் தெரியும், பாண் கடைக்காரிக்குத் தெரியும், துரூஸின் நாய்க்கும் தெரிந்திருக்கும். அரசாங்கத்தைக் கேட்டால் இருக்கென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது. ஒரு நாட்டு மந்திரிமார் எல்லோரும் சேர்ந்து ‘ம்’ என்றால் அது இராசதந்திரம், தவமலர் குசினிக்குள் நின்று ‘ம்’ என்றால் மட்டும் குற்றமோ? வடை கருகுகிற மணம் வந்தது. அவசரமாகப் பிரட்டினாள். குற்றம்தான். நல்லாய்த் தெரியும், குற்றம்தான்.

"மணமெண்டா மணம்" என்று வாசலில் குரல் கேட்டது. நினைத்த ஆளுக்கு நூறு வயது, சிவக்கொழுந்தரே தண்ணீர் கேட்டு வந்து நின்றார். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, இருபது வருடம் உணவகச் சமையலில் நின்று பழுத்த பெரிய கைகள். தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்தார். கார்த்திகைக் குளிர், மூடுபனி, வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "என்ன ஒரு அமைதி, சம்பந்தி. காதுக்குள்ள குளிருது" என்றார். தவமலர் "ம்" என்றாள். இரண்டாவது ‘ம்’. அந்த மூடுபனியை அவள் காலையில் எழும்பிப் பார்த்தபோதே பிள்ளையாருக்கு நன்றி சொல்லியிருந்தாள், பனியென்றால் போர்விமானங்கள் கிளம்பாது. பிள்ளையார் வானத்தைப் பார்த்துக்கொண்டார். கம்பத்தை அவள் அவரிடம் சொல்ல மறந்துவிட்டாள். சிவக்கொழுந்தர் வெறும் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். டம்ளர் கழுவுகிற சம்பந்தி எந்த ஊரில் கிடைப்பார்? இவரை இழக்க முடியாது. இவருடைய மகளை இழக்கவே முடியாது. வீடியோவில் அவள் சிரித்தால் நிரோஜன் இந்தப் பக்கம் இருந்து தலை சீவிக்கொள்கிறான், எட்டு வயதிலிருந்து தலை சீவாத பிள்ளை. இந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிவக்கொழுந்தர் எழுந்து, என்ன இது, எங்களை ஏமாற்றிப் பேய்க்காட்டினீர்களா என்று கேட்டு, பொன் உருகாத மண் மூசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டால்? மணி பதினொன்று முப்பத்தைந்து.

யன்னலுக்கு வெளியே பனி. பனிக்குப் பின்னால் சோளக்கொல்லை, அதற்குப் பின்னால் மரங்கள், அதற்குப் பின்னால் அது. சைக்கிளில் பத்து நிமிடம். வந்து போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். இந்த ஒல்லாந்துக்காரர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்டுவிட்டுப் போகும்போது அலுவலகத்துக்குக் கந்தோரையும் மேசை இழுப்பறைக்கு லாச்சியையும் தமிழில் விட்டுவிட்டுப் போனார்கள். இங்கே வந்த முதல் வாரம் பலகையில் கந்தோர் என்ற சொல்லை டச்சில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது சொந்தக்காரரைக் கண்ட மாதிரி அவளுக்கு அழுகை வந்தது. அமெரிக்கர் இவர்களிடம் விட்டு வைத்திருப்பது சொல் இல்லை, சொல்லவே கூடாத ஒன்று. குண்டு அவர்களுடையது, விமானம் இவர்களுடையது, திறப்பு அவர்கள் மடியில், போட வேண்டி வந்தால் போடப் போவது இவர்கள் வீட்டுப் பிள்ளை. நிரோஜன் பள்ளிக்கூட நாளில் இதை விளக்கியபோது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் அவளுடைய தகப்பன் அப்பு இதையே செய்திருக்கிறார். வேலிச்சண்டை. மேற்கு வளவுக்காரர் அப்புவோடு சேர்ந்துகொண்டு, கிழக்கு வளவுக்காரனை வெருட்ட வேண்டுமென்று தன்னுடைய பெரிய கோடாலியை அப்புவின் கொட்டிலில் கொண்டுவந்து வைத்தார். கொட்டில் எங்களுடையது, கோடாலி அவருடையது, கொட்டில் பூட்டின் திறப்பு அவர் அரைஞாணில். அப்புவுக்குத் தலைகால் புரியாத பெருமை. இனி ஆர் எங்களைத் தொடுவான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்குப் போனார். அந்தக் கோடாலி ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. சண்டை முற்றிய அன்றைக்குக் கிழக்கு வளவுக்காரன் மேற்கு வளவுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து முதலில் கொளுத்தியது எங்கள் கொட்டிலைத்தான். உள்ளே ஆடு இருந்தது. கோடாலிக்காரர் மூன்று வளவு தள்ளி நின்று ஐயோ பாவம் என்றார். அதற்குப் பிறகு அம்மா அப்புவோடு ஒரு மாதம் பேசவில்லை. எண்ணெய் கொதித்தது. தவமலர் அடுத்த வடையைத் தட்டக் கையை நீட்டி, அப்படியே நிறுத்தினாள். இங்கே அதே மாதிரிக் கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் அவள் மகனுக்கு வீடு பார்த்திருக்கிறாள். ஒருத்தர் வீட்டுப் பெண்ணை வேறு கூட்டிவந்து அதற்குள் வைக்கப் போகிறாள்.

அப்படி ஒன்று நடந்தால் இந்த வடை, இந்தச் சட்டி, துரூஸின் நாய், ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கத்தான் முடிந்தது, பயம் வரவில்லை. பயம் எங்கேயோ பாதி வழியில் உட்கார்ந்து இளைப்பாறியது. அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் முதல் திங்கள் சைரன் ஊதும்போது சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சூப் கரண்டியைத் தூக்கிய படியே நிறுத்துவார்கள், பேச்சுக் கேட்காது என்பதால். ஊதி முடிந்ததும் கரண்டி வாய்க்குப் போகும். அவளும் அகப்பையோடு நிற்பாள். பன்னிரண்டு மணி ஆயிற்று என்று கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பாள், அவ்வளவுதான். ஊரில் குண்டு போடப் பொம்மர் விமானம் வருகிற சத்தம் பனங்கூடலுக்கு அப்பால் கேட்டாலே போதும், சட்டியை இறக்கி வைக்காமல், சேலையா பாவாடையா என்று பார்க்காமல் பங்கருக்குள் பாய்ந்த தவமலர்தான் இவள். பனங்குற்றி அடுக்கிய பங்கர். அதற்குள்ளேதான் கிழக்கு வளவுக்காரனின் பெண்சாதியும் ஒருநாள் வந்து விழுந்தாள். கொட்டில் எரிந்து எட்டு வருடம் முகம் பாராதவள். இடமில்லை, அம்மாவின் மடியில்தான் விழுந்தாள். மேலே குண்டு விழ விழ இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கந்தசஷ்டி சொன்னார்கள். சத்தம் ஓய்ந்ததும் அம்மா அவளைப் பார்த்து, "அந்த ஆடு நல்ல பால் தந்தது" என்றாள். இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள், அழுதார்கள், மறுபடியும் சிரித்தார்கள். அடுத்த நாள் வேலியில் ஆள் புகுகிற அளவுக்கு ஒரு பொட்டு வெட்டினார்கள், தேங்காய்ச் சொட்டும் புட்டும் கைமாற. ஆனால் அந்தக் குண்டுக்குப் பங்கர் இருந்தது. இதற்கு? இதற்குச் சைரன் ஊதி, அவள் அடுப்பை நிறுத்தி, முந்தானையைச் செருகுவதற்குள்... வேண்டாம். நல்ல நாளும் அதுவுமாக.

"மலர், எல்லாரும் வந்திட்டினம், நீர் இன்னும் இஞ்ச என்ன செய்யிறீர்?" பரமலிங்கம் எட்டிப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு. அவள் அடுப்பை நிறுத்திவிட்டு அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, இண்டைக்கு முதல் திங்கள்." "ஓம், திங்கள் நல்ல நாள்தானே" என்றார் அவர் மகிழ்ச்சியாக. "முதல் திங்களப்பா. பன்னிரண்டு மணி." அவருடைய முகத்தில் மகிழ்ச்சி அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் ஏதோ விழுந்து உடைந்தது. கை தன்னையறியாமல் இடுப்புத் திறப்பைத் தடவியது. "நான் சொல்லப் போறன்" என்றாள். "இப்ப சொல்லிக் குழப்பாதையும். ஒண்டரை நிமிஷம்தானே, நான் உரத்துத் தேவாரம் பாடுறன்" என்றார் பரமலிங்கம். சைரனுக்கு மேலே தேவாரம்! முப்பத்தொரு வருடம் இந்த மனிதரோடு சீவித்ததை நினைத்து அவளுக்கு அந்த நேரத்திலும் ஆசையாக இருந்தது. கூடத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டங்கள். பெண்ணின் தாய் புனிதவதி மாம்பழக் கலர்ச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் சிரிப்பு அளவாகத்தான் வருகிறது. அவர்கள் பக்கம் ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். நிரோஜன் பட்டுச் சட்டையில் கூச்சத்தோடு நின்றான். நல்லதம்பிப் பத்தர் சம்மணமிட்டுச் சின்ன மூசையைத் தாங்கியில் வைத்து, நாணயத்தை எல்லோருக்கும் காட்டி, மூசையில் போட்டார். சுவர் மணிக்கூடு பதினொன்று ஐம்பத்தெட்டு. சொல்லு, தவமலர். வாயைத் திறந்தாள். புனிதவதி அவளைப் பார்த்து முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டாள். எமகண்டம் முடிந்தது. பத்தர் நெருப்பைத் திருப்பினார். நீலச் சுவாலை பொன்னைத் தொட்டது.

ஊதியது. கம்பத்திலிருந்து இல்லை, வீட்டுக்குள்ளேயே யாரோ ஊதுகிற மாதிரி ஊதியது. பரமலிங்கம் தேவாரத்தின் முதல் சொல்லைத் தொடங்கினார், இரண்டாவது சொல் வெளியே வரவில்லை, ஏனென்றால் அவர் அதற்குள் கதிரைக்குக் கீழே இருந்தார். சிவக்கொழுந்தர் பட்டு வேட்டியோடு குப்புற விழுந்து இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார். அத்தைமார், சித்தப்பாமார், காஞ்சிபுரமும் சரிகையுமாக எல்லோரும் தரையில், அடுக்கி வைத்த மாதிரி, வாய் சற்றுத் திறந்தபடி, காது அடைக்காமல் இருக்க வாயைத் திறந்து வைக்க வேண்டும் என்று முப்பது வருடத்துக்கு முன்னால் படித்த பாடம். தவமலருக்குத் தெரியும், இது சோதனை. நகரசபை ஊதுகிறது, ஒன்றரை நிமிடம், கைக்கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். அவ்வளவும் தெரிந்துகொண்டே அவளும் தரையில் கிடந்தாள். கன்னத்தில் கம்பளம் குத்தியது. யாருடைய கையோ அவளுடைய கையை எலும்பு நோகப் பிடித்திருந்தது; பார்த்தால் மாம்பழக் கலர். பயம் இப்போதுதான் வந்து சேர்ந்தது, இருபத்திரண்டு வருடம் தாமதமாக, மூச்சு வாங்க. இரண்டே பேர் கீழே விழவில்லை. ஒருவர் பத்தர், கையில் நெருப்பு, முன்னால் பொன், அவர் கண்ணிமைக்கவில்லை. மற்றவன் இந்த நாட்டில் பிறந்த நிரோஜன். நட்ட நடுக் கூடத்தில் தனியாக நின்றுகொண்டு, "அம்மா, இது சும்மா சைரன் ரெஸ்ற்! எல்லாரும் என்ன செய்யிறீங்கள்?" என்று கத்தினான். ஒருத்தரும் எழும்பவில்லை.

ஓய்ந்தது. "உருகிற்று" என்றார் பத்தர் அமைதியாக. முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை, கதிரைக்கு அடியிலிருந்து வந்தது போலிருந்தது. பிறகு ஒரு அத்தை. பிறகு புனிதவதி, கையை விடாமலே, அளவில்லாமல், கண்ணில் நீர் வர. சிவக்கொழுந்தர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து வேட்டியைத் தட்டினார், சந்தனப் பொட்டு மூக்குவரை இழுபட்டிருந்தது. "உதென்ன சத்தம், சம்பந்தி?" என்று கேட்டார். தவமலருக்கு ‘ம்’ தொண்டை வரை வந்துவிட்டது. நின்றுகொண்டு பொய் சொல்லலாம், தரையில் கிடந்தபடி சொல்ல முடியாது போலிருக்கிறது. "அது சோதனைச் சத்தம், மாசா மாசம் ஊதுறவங்கள்" என்றாள். "ஆனா நான் உங்களுக்கு ஒண்டு மறைச்சனான். அந்த மரங்களுக்கு அங்கால இருக்கிறது பயணியள் போற இடமில்லை. நிலத்துக்குக் கீழ அமெரிக்காவின்ர அணுகுண்டு கிடக்கு எண்டு ஊரே சொல்லுது. நானும் அப்பிடித்தான் நம்புறன். குண்டு அவங்கட, பிளேன் இவங்கட, சண்டை வந்தா முதல் அடி விழுறது இஞ்சதான். உங்கட பிள்ளைக்குச் சத்தமில்லாத இடம் கேட்டியள். நான் ‘ம்’ எண்டு சொன்னது பெரிய பிழை. நீங்கள் இப்ப எழும்பிப் போனாலும் நான் கோவிக்கமாட்டன்." நிரோஜன் தலையைக் குனிந்துகொண்டான். பத்தரின் மூசையில் பொன் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது.

சிவக்கொழுந்தர் மூக்கில் இழுபட்ட சந்தனத்தைக் கையால் துடைத்தார். "உங்கடையாவது இரவல், சம்பந்தி" என்றார். "நான் இருக்கிற நாடு சொந்தமாவே அணுகுண்டு செய்து வைச்சிருக்கு. அதை நானும் உங்களுக்குச் சொல்லேல்லைத்தானே." பரமலிங்கம் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். "சிரியுங்கோ, சிரியுங்கோ. எங்களுக்கும் இதே சைரன் இருக்கு. மாசத்தில முதல் புதன், இதே பன்னிரண்டு மணி. இருபது வருஷமாக் கேக்கிறன். ஒருநாள் விழுந்தனானே? பேப்பரை விட்டுத் தலை நிமித்தினதில்லை. இண்டைக்குத் திங்கள் எண்டபடியாத்தான் விழுந்தன்." சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். "உண்மையா வரேக்க அவன் கிழமை பாத்தே வருவான்?" என்றார். பிறகு நிரோஜனைக் கையால் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார். "தம்பி, என்ர பிள்ளை இஞ்ச வரட்டும். ஆனா அவளை இந்தச் சத்தத்துக்குப் பழக விடாதேங்கோ. நீங்களும் பழகினது போதும்." நிரோஜன் "ஓம் மாமா" என்றான். அது அவன் அவரை முதன்முதலாக மாமா என்று கூப்பிட்டது.

பன்னிரண்டு பதினொன்று. மூன்று நிமிடம் மிச்சம் வைத்துப் பத்தர் குளிர்ந்த பொன்னைத் தட்டத்தில் வைத்தார். உருண்டையாக, பிளவில்லாமல், இளங்குஞ்சு மஞ்சளில். ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். வடை பரிமாறப்பட்டது. ஒரு வாய் கடித்துவிட்டு எல்லோரும் மரியாதையாக மென்றுகொண்டிருக்க, புனிதவதி மட்டும் தவமலரின் காதருகே குனிந்து, "உப்புப் போட மறந்திட்டியள், மச்சாள்" என்றாள். இவ்வளவு சந்தோஷமாக ஒரு குறையைத் தவமலர் அதற்கு முன் கேட்டதில்லை. உப்புக் குப்பியை எடுத்துவர அவள் ஓடினாள். புறப்படும் நேரம் காருக்குள் ஏறி இருந்த சிவக்கொழுந்தர் கண்ணாடியை இறக்கினார். இனி ஒவ்வொரு முதல் திங்களும் பன்னிரண்டு மணிக்கு நான் உங்களுக்கு ரெலிபோன் எடுப்பேன், எங்கே கிடக்கிறீர்கள் என்று கேட்பேன் என்றார். அப்படியென்றால் புதன்கிழமை நாங்கள் எடுப்போம் என்றாள் தவமலர். பனி விலகத் தொடங்கியிருந்தது. மரங்களின் தலை தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நாளையிண்டைக்கே புதன்" என்றார். "மறக்காமல் எடுங்கோ. நான் பேப்பர் படிச்சுக்கொண்டிருப்பன்."